எண்ணுங் கருவியும் உணரும் உயிரும்

உயிர் தன் வினைப்பயனை நுகர்தற்கும், நுகர்ந்து பக்குவம் எய்தி மெய்ப்பொருளை உணர்தற்கும் துணையாக இறைவனாற் கூட்டப்பெற்றது உடம்பு என்பது சைவ சித்தாந்தத் துணிபு. ஏர் பழுதுற்றால் உழவு நிற்கும். உடம்பு பழுதுற்றால் வழிபாடும் தொண்டும் ஆராய்ச்சியும் நிற்கும். ஆதலின் உடம்பைப் பேணுதல் ஆசையின்பாற் பட்டதன்று, கடமையின்பாற் பட்டதேயாம். தொடக்கத்தில் உடலைத் தாழ்வாக மதித்திருந்து, பின்னர் அதனகத்தே இறைவன் கோயில் கொண்டிருத்தலைக் கண்டு அதனைப் பாதுகாக்கத் தலைப்பட்ட செய்தியைத் திருமூலர் தம் அனுபவமாகவே கூறியிருத்தலை அன்பர்கள் அறிவர்.

இக்கடமைக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு புதுவதொரு கருவி இக்காலத்தில் நம்மிடையே பரவியுள்ளது. மணிக்கட்டிற் கட்டும் பட்டையாகவும், கைக்கடிகாரமாகவும், மோதிரமாகவும் அது கிடைக்கின்றது. அதனுள் அமைந்த நுண்ணிய சில்லு ஒன்று உடலின் அசைவை உணர்ந்து, அவ்வசைவின் ஒழுங்கைக் கொண்டு இத்தனை அடி நடந்தாயிற்று என்று கணக்கிடுகின்றது. அதன் அடிப்புறத்தினின்று பச்சை ஒளி தோலின்மேற் பாய்கின்றது. குருதி அவ்வொளியை மிகுதியாக உட்கொள்ளும் இயல்பினதாதலின், நாடி துடிக்குந்தோறும் மீண்டு வரும் ஒளி கூடியுங் குறைந்தும் வேறுபடுகின்றது. அவ்வேறுபாட்டை வைத்துத் துடிப்புக்களை அது எண்ணுகின்றது. இவற்றினின்று உழைப்பின் அளவையும் உறக்கத்தின் அளவையும் ஊகித்துக் கைப்பேசியில் எண்ணாகவும் படமாகவும் காட்டுகின்றது. காட்டுவதோடு நில்லாது, "இன்னும் ஆயிரம் அடி குறைகின்றது, எழுந்து நடப்பீராக" என்று ஏவவுஞ் செய்கின்றது.

2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் கேரி உல்ஃப், கெவின் கெல்லி என்னும் இதழாளர் இருவர் எண்களின் வாயிலாகத் தன்னை அறிதல் என்பதைக் குறிக்கோளாகக் கொண்ட இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். 2009-இல் ஃபிட்பிட் என்னும் கருவியும், 2015-இல் ஆப்பிள் நிறுவனத்தாரின் கைக்கடிகாரமும் விற்பனைக்கு வந்தன. அவை இன்று உலகெங்கும் எண்ணிறந்தோர் கையில் விளங்குகின்றன. தன்னை அறிதல் என்னுஞ் சொல் செவியில் விழுந்தவுடன் சைவ நன்மக்கள் சற்று நின்று ஆராய வேண்டியவர் ஆகின்றனர். ஏனெனில், அச்சொல் நம் நூல்களின் உயிர்நிலைச் சொல்லாகும்.

இதனை யான் எடுத்துக்கொண்டது ஆராய்ச்சி விருப்பால் மட்டுமன்று. எனக்கு நீரிழிவு நோய் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் மருத்துவர் நாடோறும் நடக்கும்படி பணித்தார். என் மகள் இத்தகைய பட்டை ஒன்றை வாங்கிவந்து என் கையிற் கட்டினாள். நடைக்கென வேறிடம் நாடாது, எங்கள் ஊர்ச் சிவாலயத்தின் வெளிப்பிராகாரத்தையே காலையும் மாலையும் வலம்வரலானேன். குருதியிற் சர்க்கரை குறைந்தது, காலெரிச்சல் தணிந்தது. இந்நன்மையை மறைத்துக் கூறுதல் நன்றி கொன்றதாகும்.

ஆயினும் சில திங்கள் கழிந்தபின் ஒன்றைக் கண்டேன். கைகளைத் தலைமேற் குவித்துக்கொண்டு வலம்வந்த நாட்களில், கை வீசப்படாமையால், கருவி அடிகளைக் குறைத்தே எண்ணியது. கடைத்தெருவிற் கைவீசி நடந்த நாளிலோ முழுக்கணக்கும் காட்டிற்று. இதனை அறிந்தபின், யான் அறியாமலே என் கைகள் குவிதலை விட்டு வீசத் தொடங்கிவிட்டன! பின்னொருநாள் மின்கலம் தீர்ந்து கருவி அணைந்து கிடந்தது. மூன்றாஞ் சுற்றில் அதனைக் கண்டபோது, "இன்று நடந்த நடை வீணாயிற்றே" என்று நெஞ்சம் வருந்திற்று. சந்நிதிக்கு எதிரே நின்று அங்ஙனம் வருந்திய பின்னரே யான் திடுக்கிட்டேன். வலம்வந்தது எதன்பொருட்டு? நடந்தவன் யாவன்? வீணானது யாது? இவ்வினாக்களே இக்கட்டுரைக்கு வித்தாயின.

ஆகவே ஆராயவேண்டுவன மூன்று. நல்லொழுக்கத்திற்கு நம்மைத் தூண்டும் கருவியைக் கைக்கொள்ளலாமா என்பது ஒன்று. கருவி தூண்டச் செய்யும் நற்செயல் நம்முடையதாகுமா என்பது மற்றொன்று. அது துணையாய் நிற்கும் எல்லை யாது, தளையாய் மாறும் எல்லை யாது என்பது பிறிதொன்று.

"இவையெல்லாம் வணிகர் சரக்கு, நம் முன்னோர் இவையின்றியே நெடிது வாழ்ந்தனர், ஆகலின் இவற்றை அறவே தள்ளுக" என்பார் சிலர். அக்கூற்றுப் பொருந்தாது. உடம்பு தன்னைப்பற்றித் தானே அறிவியாத செய்திகள் பல. அவற்றை அளவை கொண்டே அறிதல் வேண்டும். இத்தாலி நாட்டுப் பாதுவா நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சாந்தோரியோ என்பவர், பெரியதொரு துலாக்கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் அமர்ந்து, தம் உடலையும், உண்பன பருகுவனவற்றையும், கழிப்பனவற்றையும் பல ஆண்டுகள் நிறுத்து வந்தார். ஒரு நாளில் எட்டு இராத்தல் உட்கொண்டால் அதில் ஐந்து இராத்தலளவு கண்ணுக்குப் புலனாகாத ஆவியாய் உடம்பினின்று நீங்கிவிடும் என்று 1614-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். எத்துணைக் கூர்ந்து நோக்கினும் கண்ணால் அறியமுடியாத ஒன்றைத் துலாக்கோல் அறிவித்தது.

இதனினும் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உளது. ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்கர் 1946-இல், தம் பன்னிரண்டாம் அகவையில், நீரிழிவுக்கு ஆளானார். வளர்ந்து பொறியியலாளராய்ப் பணிபுரிந்த காலத்தில் அந்நோய் அவர்தம் உறுப்புக்கள் பலவற்றையும் அரித்துக்கொண்டிருந்தது. ஒரு துளிக் குருதியைக் கொண்டு சர்க்கரையை விரைவில் அளக்குங் கருவி ஒன்று அப்போது புதிதாக வந்திருந்தது. அது மருத்துவர்க்கும் மருத்துவமனைகட்குமே விற்கப்பட்டது. அவர் 1969-இல், மருத்துவராகிய தம் மனைவியின் பெயரால் அதனை வாங்கினார். நாளொன்றுக்குப் பன்முறை அளந்து, எவ்வுணவு சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகின்றது, எவ்வளவு இன்சுலின் அதனை எவ்வளவு இறக்குகின்றது என்று ஆராய்ந்து, உணவையும் மருந்தையும் மாற்றிக்கொண்டு நலம் பெற்றார். தாம் கண்டதை மருத்துவ உலகம் செவிமடுக்கவில்லை என்று கண்டு, நாற்பத்தைந்தாம் அகவையளவில் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து தாமே மருத்துவரானார். 2025-இல் தம் தொண்ணூறாம் அகவையில் மறைந்தார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நீரிழிவு நோயாளரை ஆராய்ந்து 1993-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆராய்ச்சி ஒன்று, நாளுக்கு நான்கு முறையேனும் அளந்து அதற்கேற்ப இன்சுலின் கொண்டோர்க்கு, வழக்கமான மருத்துவம் பெற்றோரை நோக்க, கண்ணில் நோய் புதிதாகத் தோன்றுதல் 76 விழுக்காடு குறைந்தது என்று காட்டிற்று. கண்ணைக் காக்கும் அளவையை வேண்டா என்று கூறுதல் துறவாகாது, அறியாமையேயாம்.

எனவே முதல் வினாவுக்கு விடை கிடைத்தது. கைக்கொள்ளலாம், நோயுற்றார்க்கு அது கடமையும் ஆகும். ஆயின் பெர்ன்ஸ்டைன் செய்தது யாது என்பதைக் கூர்ந்து நோக்குக. கருவி சொன்னதை அவர் ஏவலாகக் கொண்டிலர். ஒவ்வோர் எண்ணையும் "இஃது ஏன் இவ்வாறாயிற்று?" என்று கேட்டுத் தம் உடம்பின் இயல்பை அறிந்தார். அவருக்கு எண் வினாவாக நின்றது; விடையைக் கண்டவர் அவரே.

இவ்விடத்திற் சித்தாந்த நுட்பம் ஒன்று நமக்குக் கைகொடுக்கின்றது. கண் முதலிய பொறிகளும் மனம் முதலிய கரணங்களும் சடம். அவை தாமே அறியமாட்டா. உயிரொடு கூடியவிடத்தே அறிதற்குக் கருவியாகும். உயிரும் தானே அறியும் ஆற்றலுடையதன்று, அறிவித்தாலன்றி அறியாது. ஆகலின் இறைவன் உயிர்க்குப் பொருளைக் காட்டும் உபகாரமும், உயிரோடு உடனாய் நின்று காணும் உபகாரமும் ஆகிய இரண்டையும் செய்கின்றான் என்பர் நம் ஆசிரியர். மணிக்கட்டிற் கட்டிய கருவி இவ்விரண்டனுள் காட்டுதலின் நிழலளவே செய்யவல்லது. காணுதல் அதன்கண் இல்லை. எண்ணாயிரம் என்று அது காட்டும். அவ்வெண்ணாயிரம் அடியும் பிள்ளைக்கு மருந்து வாங்க ஓடிய அடிகளா, சினங்கொண்டு முற்றத்தில் உலாவிய அடிகளா, ஆலயம் வலம்வந்த அடிகளா என்பதனை அஃது அறியாது. செயலின் அளவு அதற்குப் புலனாகும்; செயலின் கருத்துப் புலனாகாது. அறமோ கருத்தைப் பற்றியே நிற்பது.

இவ்வேறுபாட்டை மறந்தவிடத்துத் தீங்குகள் விளைகின்றன. அவற்றுள் முதலாவது, அளவை விதியென மயங்குதல். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடத்தல் வேண்டும் என்று பலரும் ஆகமவிதி போலக் கூறுவர். அவ்வெண் எங்கிருந்து வந்தது? 1964-இல் டோக்கியோ நகரில் ஒலிம்பிக் விளையாட்டு நிகழ்ந்தது. அதனையடுத்து 1965-இல் யமாசா என்னும் ஜப்பானிய நிறுவனத்தார் இடுப்பிற் கட்டும் அடியெண்ணுங் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்து, பத்தாயிரம் அடி அளவி என்று பொருள்படும் 'மான்போ கேய்' என்னும் பெயரை அதற்கு இட்டனர். நினைவில் நிற்றற்குரிய முழு எண்ணாக வைத்த வணிகப் பெயரே உலகெங்கும் நலத்தின் எல்லையாக வழங்கலாயிற்று. பின்னர் 2019-இல், சராசரி 72 அகவையுடைய 16,741 அமெரிக்கப் பெண்டிரைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தோரை நோக்க, 4,400 அடி நடந்தோரிடை இறப்பு 41 விழுக்காடு குறைந்திருந்தது. 7,500 அடியளவில் அந்நன்மை மேலும் பெருகாது சமனிலை எய்திற்று. அம்முதியோர் திறத்தில் பத்தாயிரம் என்பதற்குத் தனிச்சிறப்பு ஒன்றும் காணப்படவில்லை. இங்ஙனமாகவும், ஒன்பதாயிரத்தில் நின்றவர் பாவம் இழைத்தார்போல வருந்துகின்றனர். பத்தாயிரம் எய்தியவர் புண்ணியம் ஈட்டினார்போல மகிழ்கின்றனர். யானும் அங்ஙனம் இருந்தவனே.

இரண்டாவது தீங்கு, தன்னுணர்வை மறந்து கருவியை வினவுதல். உறக்கத்தைப்பற்றி ஆராயும் நம் நாட்டு மெய்ந்நூலோர், விழித்தெழுந்தவன் "யான் இனிது உறங்கினேன்" என்று கூறுதலை எடுத்துக்காட்டி, புலன்கள் ஒடுங்கிய நிலையிலும் உயிர் உண்டு என்பதனை நிறுவுதல் வழக்கம். இக்காலத்தான் விழித்தெழுந்தவுடன் தன் உணர்வை வினவாமல் மணிக்கட்டை வினவுகின்றான். இனிது உறங்கி எழுந்தவனும், கருவி 'குறை உறக்கம்' என்று காட்டின் சோர்வடைகின்றான். 2017-இல் அமெரிக்க மருத்துவர் சிலர், உறக்கத்தின் எண்ணைப் பற்றிய கவலையாலேயே உறக்கம் கெட்டு வந்த நோயாளரைப் பற்றி எழுதி, அந்நிலைக்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரிட்டனர். உறக்க ஆய்வுக்கூடத்திற் செய்த சோதனை நன்கு உறங்கினீர் என்று காட்டியபோதும் அந்நோயாளர் தம் பட்டையின் சொல்லையே நம்பினராம். தன்னை அறிதற்கென்று வாங்கிய பொருள் தன்னுணர்வையே ஐயுறச் செய்தது விந்தையன்றோ!

மூன்றாவது தீங்கு, அன்பு வறளுதல். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜோர்டன் எட்கின் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நடத்தல், படித்தல், வண்ணந் தீட்டல் முதலிய செயல்களை எண்ணிக்கொண்டே செய்தோர் அவற்றை மிகுதியாகச் செய்தனராயினும், அவற்றில் அடையும் இன்பம் குறைந்தது என்று கண்டார். எண்ணுதல் நின்றபின் அச்செயலைத் தொடர்ந்து செய்யும் விருப்பமும் அவர்க்குக் குறைந்தது. தன்பொருட்டே இனிதாக இருந்த செயல், எண்ணத் தொடங்கியவுடன் கூலி வேலை போலாயிற்று என்பது இதன் கருத்து. கூப்பிய கை வீசத் தொடங்கியதன் காரணமும் இதுவே. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுமாறு போல, இறைவனைச் சார்ந்து நடந்த உயிர் அன்பு வண்ணமாயிற்று. எண்ணைச் சார்ந்து நடந்த அதே உயிர் கணக்கு வண்ணமாயிற்று. கால்களும் பிராகாரமும் மாறவில்லை, சார்பு மாறிற்று.

நான்காவது தீங்கு, ஆணவமலத்தின் காரியமாகிய 'யான் செய்தேன்' என்னுஞ் செருக்குத் தழைத்தல். இதனை அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் (1706-1790) தம் வரலாற்றில் ஒளியாது உரைத்திருத்தல் பாராட்டற்பாலது. அவர் பதின்மூன்று நற்குணங்களைத் தேர்ந்து, சிறிய ஏடொன்றில் ஒவ்வொரு பக்கத்திலும் செம்மையால் வாரத்தின் ஏழு நாட்கும் ஏழு பத்திகளும், குணங்கட்குப் பதின்மூன்று வரிகளும் கீறி, அன்றன்று தம்பாற் கண்ட குற்றத்திற்குக் கரும்புள்ளி இட்டு வந்தார். வாரத்திற்கு ஒரு குணமாக நோற்று, ஆண்டில் நான்கு முறை அச்சுற்றை முடிப்பார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகவே, எழுதியழித்தற்குரிய தந்தத் தகடுகளுக்குக் கணக்கை மாற்றினார். கைப்பட்டையின் முன்னோன் இவ்வேடே எனலாம்.

அவர் முதலில் வகுத்த குணங்கள் பன்னிரண்டே. "நீர் செருக்குடையீர் என்று பலர் கருதுகின்றனர்" என்று நண்பர் ஒருவர் எடுத்துக்காட்டியபின் பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். ஏனைக் குற்றங்களில் ஓரளவு வெற்றி பெற்ற அவர், செருக்கைப்பற்றி மட்டும் அதனை வென்றொழித்தல் அரிது என்றும், வென்றுவிட்டதாக எண்ணினும் தம் பணிவைப்பற்றியே தாம் செருக்குறக்கூடும் என்றும் எழுதிவைத்தார். மேனாட்டார் ஒருவர் தம் நேர்மையினால் ஆணவத்தின் வாயிலளவும் சென்று கண்டு உரைத்த சொல் இது. கணக்கு எல்லாக் குற்றத்தையும் எண்ணும். கணக்கெழுதுவோனுடைய 'யான்' என்பதனை எண்ணமாட்டாது. எண் உயருந்தோறும் அதுவும் உடன் உயரும். இக்காலக் கருவிகள் ஒருவர் நடந்த கணக்கைப் பலர்க்கும் பறைசாற்றி, யார் முதல்வர் என்று வரிசையும் இடுகின்றன. அன்றைய ஏடு தனி அறையிலிருந்தது, இன்றைய ஏடு தெருவிலிருக்கின்றது. பிறர் கையிற் சேர்ந்த கணக்கு வாணிகத்திற்கும் பயன்படும். 2018-இல் ஜான் ஹான்காக் என்னும் அமெரிக்க ஆயுட்காப்பு நிறுவனம் தன் ஆயுட்காப்புறுதிகள் அனைத்தோடும் இத்தகைய நலக்கணக்குத் திட்டத்தை இணைப்பதாக அறிவித்தது. ஒழுக்கம் விலைபெறும் பொருளாகுமிடத்து அஃது ஒழுக்கமாய் நிலைத்தல் அரிது.

"அற்றேல், நம்மவரும் எண்ணுகின்றனரே! உருத்திராக்க மாலையில் நூற்றெட்டு என்றும், பிராகாரத்தில் இத்தனை சுற்று என்றும் எண்ணுதல் குற்றமோ?" எனின், அன்று. வேறுபாட்டை நோக்குக. செபமாலை எண்ணும் வேலையை விரலுக்குக் கொடுத்து மனத்தை எண்ணினின்று விடுவிக்கின்றது. மணி உருளுகின்றது, மனம் மந்திரத்தில் நிற்கின்றது. நாயகமணியைத் தொட்டபோதே ஒரு சுற்று முடிந்ததென்பது தெரியும். இடையில் 'எத்தனை ஆயிற்று?' என்று ஒருவரும் வினவுதல் இல்லை. இதற்கு மாறாகக் கைக்கருவி கையினின்று எண்ணை எடுத்து மனத்தில் வைக்கின்றது. மேலும், வாயால் உரக்க ஓதுதலினும் மெல்ல ஓதுதல் சிறந்தது, அதனினும் மனத்தளவில் எண்ணுதல் சிறந்தது என்று செபத்திற்கு ஏறுபடி வகுத்த நம் பெரியோர், புறக்கருவி சிறிது சிறிதாக நீங்கி அகம் நிறைதலையே வளர்ச்சியாகக் கொண்டனர். ஆகவே எண்ணுதல் குற்றமன்று. எண்ணிலேயே நின்றுவிடுதல் குற்றம்.

"கருத்து எவ்வாறாயினும் ஆகுக, உடம்பு நலமுறின் அதுபோதாதோ?" என்று வினவுவாரும் உளர். அவர்க்கும் விடை உண்டு. அடியெண்ணுங் கருவிகளைப் பற்றிய 26 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்டோர், அவற்றை அணிந்தோர் தம் நடையை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிகுத்தனர் என்று கண்டனர். இது மெய்யே. ஆயினும் 2016-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனையையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். எடை மிகுந்த இளைஞர் ஏறத்தாழ 470 பேர்க்கு உணவும் உடற்பயிற்சியும் வகுத்து, ஆறு திங்களுக்குப்பின் ஒரு சாராரைத் தம் முயற்சியைத் தாமே பதிந்துவரச் செய்தனர். மற்றொரு சாரார்க்கு உடம்பில் அணியுங் கருவியைக் கொடுத்தனர். ஈராண்டு முடிவில் தாமே பதிந்தோர் சராசரி 5.9 கிலோவும், கருவி அணிந்தோர் 3.5 கிலோவும் எடை குறைந்திருந்தனர். இரு சாராரும் பயன் பெற்றனர் என்பதையும், ஒரு சோதனை கொண்டே முடிவு கட்டுதல் தகாது என்பதையும் மறவாமல் இதனைக் கூறுகின்றேன். தூண்டுகோல் விளக்கின் திரியை உயர்த்தும், நெய்யாகமாட்டாது. தூண்டப்பட்டு எழுந்த முயற்சி, உள்ளிருந்து ஊறும் அறிவாலும் விருப்பாலும் வளர்க்கப்பட்டாலன்றி நெடுநாள் நில்லாது.

இதனால் இரண்டாம் வினாவும் தெளிவாகும். பிறிதொன்று தூண்டச் செய்த நற்செயல் நம்முடையதாகாது என்று தள்ளுதல் வேண்டா. தாய் தூண்டக் குழந்தை நடக்கின்றது. ஆசிரியர் தூண்ட மாணவன் கற்கின்றான். தூண்டுவாரின்றி உயிர் ஒன்றையும் செய்யாது என்பதே நம் கொள்கையாதலின், தூண்டப்படுதலில் இழிவில்லை. ஆனால் தாயும் ஆசிரியரும் கையைப் பற்றுவது ஒருநாள் விடுதற்பொருட்டு. எவ்வளவு விரைவில் தாம் வேண்டாராவரோ அவ்வளவு நல்லாசிரியர். நம் கையைப் பற்றிய கருவி ஒருபோதும் கை விடேன் என்று நிற்குமாயின், அதன் தூண்டுதல் தளையேயாம்.

இனி, கருவியைக் கைக்கொள்வார் தம்மைத் தாமே வினவிக்கொள்ளத்தக்க மூன்றினைக் கூறி முடிக்கின்றேன். எண்ணைக் கண்டபின் என் உடம்பையும் பழக்கத்தையும் பற்றி யான் அறியாத ஒன்றை அறிந்தேனா, அன்றி எண்ணையே அறிந்தேனா என்பது முதலாவது. இக்கணக்கை யான் நோக்குவது குறையைக் கண்டு திருந்துதற்கா, அன்றிப் பிறர்க்குக் காட்டி உவத்தற்கா என்பது இரண்டாவது. இன்று இதனைக் கழற்றி வைத்துவிட்டு, இதே நடையை இதே மகிழ்வோடு நடப்பேனா என்பது மூன்றாவது. முன்னிரண்டில் தவறினும் மூன்றாவதைச் செய்து பார்த்தவர் தம் நிலையைத் தாமே உணர்வர். நோய்ப்பொருட்டுக் குருதிச் சர்க்கரையை அளப்பவர் அவ்வளவையை ஒருநாளும் விடலாகாது என்பதையும் வலியுறுத்துகின்றேன். அஃது உயிர்காக்கும் மருந்தின் பகுதி. இங்குக் கழற்றச் சொல்வது நடையையும் உறக்கத்தையும் எண்ணும் பட்டையையே.

யானும் இம்மூன்றையும் வினவினேன். சர்க்கரையை மருத்துவர் சொன்ன முறைப்படி இன்றும் அளந்து ஏட்டிற் குறிக்கின்றேன். தெருவில் நடக்குங்கால் பட்டையையும் அணிகின்றேன். வாரத்திற்கு ஒருமுறை அதன் கணக்கைப் பார்த்து, சோம்பியிருந்த நாட்களை அறிந்து நாணுகின்றேன். கோயில் வாயிலில் மிதியடியைக் கழற்றுமிடத்தே அதனையும் கழற்றிப் பையில் இட்டுவிடுகின்றேன். முதற் சில நாட்கள் கை வெறுமையாய்த் தோன்றிற்று. கண் மணிக்கட்டை நாடிற்று. இப்போது கைகள் மீண்டும் குவிகின்றன. எத்தனை சுற்று வந்தேன் என்பது சில நாள் எனக்கு நினைவில்லை. அடுத்த முறை சென்றபோது மருத்துவர் குருதியைச் சோதித்து, "நன்று, இவ்வாறே நடந்து வாருங்கள்" என்றார். எத்தனை அடி என்று அவர் வினவவில்லை, யானும் கூறவில்லை.

திருச்சிற்றம்பலம்.